வண்டி மையும் டர்போவும்

சரித்திரம் என்றால் அரசர்களும் யுத்தங்களும்தான் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. எண்ணெய்க்கும் ஒரு சரித்திரம் உண்டு, அதிலும் யந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய்க்கு உண்டு என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஆனால் என்னைக் கேட்டால், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் கதையை ஒரு தகர டின்னின் மேல் அச்சடித்திருக்கும் சிறு எழுத்துக்களைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பேன். அந்த எழுத்துக்களை நாம் படிப்பதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறோம். பெரும்பாலான வண்டிகளுக்கு அது போதும். ஆனால் டர்போ பொருத்திய மோட்டார் சைக்கிள் என்று ஒன்று உண்டு. அதற்கு மட்டும் அது போதாது. ஏன் போதாது என்று கேட்டுக்கொண்டு போனால், கேள்வி நம்மை மாட்டு வண்டிக் காலத்துக்கே அழைத்துச் சென்றுவிடுகிறது.

மாட்டு வண்டியின் அச்சுக்கு நம் கிராமத்தார் போட்ட மையை நினைத்துப் பாருங்கள். வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வைத்திருப்பார்கள். கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, அச்சில் அந்த மையைத் தடவுவார்கள். தடவாவிட்டால் வண்டி ஊரைக் கூட்டும், அச்சும் தேயும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இருக்க, விளக்கெண்ணெயைத் தேர்ந்தெடுத்தது ஏன்? அது பிசுக்கென்று ஒட்டிக்கொள்ளும். பாரம் அழுத்தினாலும் எளிதில் விலகாது. ரசாயன சாஸ்திரம் படிக்காமலேயே நம்மவர்கள் கண்ட உண்மை அது. உயவு எண்ணெயின் வேலை முழுவதும் இந்த ஒன்றில் அடங்கிவிடுகிறது. இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே ஒரு மெல்லிய படலமாக நிற்க வேண்டும். படலம் கிழிந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும்.

மேல்நாட்டில் நீராவி யந்திரங்கள் வந்தபோது அவற்றுக்கு மாட்டுக் கொழுப்பையும் திமிங்கில எண்ணெயையும் ஊற்றிப் பார்த்தார்கள். 1859-இல் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து டைட்டஸ்வில் என்ற ஊரில் டிரேக் என்பவர் துளையிட்டுப் பூமிக்கடியிலிருந்து பெட்ரோலியத்தை எடுத்தார். சில ஆண்டுகளுக்குள் ஜான் எல்லிஸ் என்ற டாக்டர் அதை ஆராயத் தொடங்கினார். அவர் தேடியது மருந்து. மருந்து கிடைக்கவில்லை, நீராவி எஞ்சின்களின் வால்வுகளுக்கு ஏற்ற எண்ணெய் கிடைத்தது. 1866-இல் அவர் ஆரம்பித்த வியாபாரம்தான் பின்னர் வால்வோலின் என்று பெயர் பெற்றது. மருந்துப் பெட்டியிலிருந்து யந்திர சாலைக்கு எண்ணெய் வந்த வேடிக்கை இது. விளக்கெண்ணெயும் அதே பாதையில் வந்ததுதான் அல்லவா?

ஆனால் பெட்ரோலிய எண்ணெய் வந்ததும் விளக்கெண்ணெய் ஒழிந்துவிடவில்லை. லண்டனில் 1899-இல் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் எண்ணெய்க் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். 1909-இல் அவர் மோட்டார் வண்டிகளுக்கும் விமானங்களுக்குமாக ஒரு புது எண்ணெயைக் கொண்டுவந்தார். அதில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருந்தது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் காஸ்டர் என்று பெயர். அந்தப் பெயரைக் கொண்டே அவர் தம் எண்ணெய்க்குக் காஸ்ட்ரால் என்று பெயரிட்டார். உலகமெங்கும் பெட்ரோல் நிலையங்களில் நாம் காணும் அந்தப் பெயருக்குள் நம் கொல்லைப்புறத்து ஆமணக்குச் செடி ஒளிந்துகொண்டிருக்கிறது.

அதே காலத்தில்தான் பிரான்ஸில் ஸெகென் சகோதரர்கள் நோம் என்ற விமான எஞ்சினைச் செய்தார்கள். சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் நிற்கும், தண்டு சுழலும். இதில் தண்டு நிற்கும். சிலிண்டர்கள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுழலும். பெட்ரோல் ஆவி எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து மேலே செல்லும். அங்கே சாதாரண எண்ணெய் இருந்தால் பெட்ரோல் அதைக் கரைத்து நீர்க்கச் செய்துவிடும். பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் ஒன்று வேண்டும். அது விளக்கெண்ணெய்தான். முதல் உலக யுத்தத்தில் இத்தகைய எஞ்சின்கள் ஆயிரக்கணக்கில் பறந்தன. எண்ணெய் ஒரு முறை எஞ்சினுக்குள் போனால் திரும்பி வராது. பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே தெறிக்கும். விமானியின் முகத்திலும் கண்ணாடியிலும் விளக்கெண்ணெய், மூச்சிலும் விளக்கெண்ணெய். குழந்தைக்கு ஒரு கரண்டி கொடுத்தாலே என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மணிக்கணக்காக அதை உட்கொண்ட விமானிகளின் வயிறு பட்ட பாட்டைப் பற்றி யுத்தக் கதைகளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வேடிக்கைதான். ஆனால் அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. யந்திரம் எண்ணெயை விட வேகமாக முன்னேறிவிடும்போதெல்லாம், இடையில் ஏற்படும் பள்ளத்தைத் தம் உடலாலும் பணத்தாலும் நிரப்புகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறவர்களே. செய்தவர்கள் அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு பார்ப்போம்.

விளக்கெண்ணெய்க்கு ஒரு பெரிய குறை உண்டு. உஷ்ணத்தில் அது கோந்து போல் இறுகிப் படிந்துவிடும். பந்தய மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள். ஆகவே அவர்களுக்கு அது ஒத்துவந்தது. பந்தயத் திடல்களில் மிதந்த அந்த மணத்தை ரசிகர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசிக்கொள்கிறார்கள். தினமும் வேலைக்குப் போய் வருகிறவனுக்கு அது கட்டுப்படியாகுமா? அவனுக்குப் பெட்ரோலிய எண்ணெய்தான் கதி. அதன் குறையோ வேறு விதம். குளிரில் தேன் போல் கெட்டியாகிவிடும்; சூட்டில் தண்ணீராக ஓடும்.

இந்தக் குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு செய்தவர்கள் அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர்கள். அவர்களுடைய சங்கமான எஸ்.ஏ.இ. 1911-இல் எண்ணெய்களை அவற்றின் பிசுக்குத் தன்மைக்கு ஏற்ப வகுத்து எண் கொடுத்தது. 1929-இல் டீன், டேவிஸ் என்ற இருவர் இன்னொரு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். சூடு ஏற ஏற எந்த எண்ணெய் எவ்வளவு நீர்த்துப் போகிறது என்பதைக் காட்டும் அளவு அது. தம் காலத்தில் மிக நல்லதாக இருந்த பென்ஸில்வேனியா எண்ணெய்க்கு 100 என்றும், மிக மட்டமாக இருந்த வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் வைத்தார்கள். இன்று நல்ல செயற்கை எண்ணெய்கள் அந்த 100-ஐச் சாதாரணமாகத் தாண்டிவிடுகின்றன.

பிறகு பாலிமர் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை எண்ணெயில் கலந்து பார்த்தார்கள். குளிரில் அவை சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து எண்ணெய் நீர்த்துப் போகாமல் தாங்கும். இப்படித்தான் டின்னின் மேல் 10 டபிள்யூ-40 என்பது போன்ற இரட்டை எண் வந்தது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. முதல் எண் குளிரில் எண்ணெயின் நடத்தையைச் சொல்கிறது. இரண்டாவது எண் நீர் கொதிக்கும் சூட்டில் அதன் கெட்டித் தன்மையைச் சொல்கிறது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் டர்போக்காரன் கவனிக்க வேண்டும்.

இனி டர்போவுக்கு வருவோம். ஸ்விட்ஸர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் இதற்கு உரிமை பெற்றார். எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை வீணாகத்தானே போகிறது? அதைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன? அதே தண்டின் மறு முனையில் இன்னொரு சக்கரம் சுழன்று, எஞ்சினுக்குள் அதிகக் காற்றை அழுத்தித் தள்ளும். அதிகக் காற்று, அதிக எரிபொருள், அதிக சக்தி. 1918-இல் அமெரிக்காவில் ஸான்ஃபோர்டு மாஸ் என்பவர் பதினாலாயிரம் அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் என்ற மலையுச்சிக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டுபோய், காற்று மெலிந்த அந்த இடத்திலும் டர்போவின் உதவியால் அது சக்தி குன்றாமல் ஓடுவதைக் காட்டினார். 1962-இல் அமெரிக்கக் கார்களுக்கு டர்போ வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வர இன்னும் பதினாறு ஆண்டுகள் பிடித்தன.

1978-இல் கவாஸாகி இஸட்1ஆர்-டி.சி. என்ற வண்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சாதாரண வண்டியில் வெளியார் டர்போவைப் பொருத்தி, கடைகள் மூலம் விற்றார்கள். அதற்குக் கம்பெனியின் உத்தரவாதம் கிடையாது. எஞ்சின் போனால் வாங்கியவன் பாடு. நான் முன்னே சொன்னேனே, பள்ளத்தை நிரப்புகிறவன் யார் என்று, அதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

1982-இல் ஹோண்டா கம்பெனி சி.எக்ஸ். 500 டர்போவைத் தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து விற்றது. 497 கன சென்டிமீட்டர் எஞ்சின் 82 குதிரைச் சக்தி தந்தது. அதே ஆண்டு யமஹா எக்ஸ்.ஜே. 650 டர்போவும், அடுத்து ஸுஸுகி எக்ஸ்.என். 85-உம் வந்தன. கடைசியாகக் கவாஸாகி 750 டர்போ 112 குதிரைச் சக்தியோடு வந்தது. நான்கு கம்பெனிகளும் போட்டி போட்டன. ஆனால் 1985-க்குள் போட்டி ஓய்ந்துவிட்டது. டர்போ வண்டி விலை அதிகம், கனம் அதிகம், பிடியைத் திருகினால் சற்றுப் பொறுத்துத்தான் சக்தி பொங்கும், அதுவும் திடீரென்று. 1984-இல் கவாஸாகியே டர்போ இல்லாத 900-ஐ 115 குதிரைச் சக்தியோடு விற்றபோது டர்போவுக்கு அவசியமே இல்லாமல் போயிற்று.

இந்த வண்டிகளில் எண்ணெய்க்கு என்ன சோதனை? டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. புகை படும் பக்கத்தில் உலோகம் சிவக்கக் காய்கிறது. அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். எண்ணெய் தண்டைத் தாங்குவதோடு உஷ்ணத்தையும் சுமந்துகொண்டு போகிறது. ஓடும்போது ஆபத்து இல்லை. புது எண்ணெய் வந்துகொண்டே இருக்கும். வேகமாக ஓட்டி வந்து சட்டென்று சாவியைத் திருப்பி நிறுத்தும்போதுதான் ஆபத்து. எண்ணெய் பம்பு நின்றுவிடும். உஷ்ணம் நிற்காது; அது தண்டின் வழியே ஊர்ந்து வரும். அங்கே தேங்கிய எண்ணெய் அடுப்பில் மறந்துபோன வாணலிபோல் தீய்ந்து கரியாகும். நாள்பட நாள்பட அந்தக் கரி எண்ணெய் வரும் சிறு துளையை அடைக்கும். ஒரு நாள் எண்ணெய் வராது. தண்டு அன்றோடு சரி. நம் வண்டி மையில் கரி கலந்தது அச்சைக் காத்தது. இங்கே எண்ணெயே கரியாகி அச்சைக் கொல்கிறது.

லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகன் இப்படிப்பட்ட பழைய டர்போ வண்டி ஒன்றைச் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கினான். "சித்தப்பா, எந்த எண்ணெய் நல்லதென்று பத்துப் பேரைக் கேட்டேன்; பன்னிரண்டு பதில் வந்தது. நீங்கள்தான் பழைய கதையெல்லாம் தேடிப் படிப்பவராயிற்றே, சொல்லுங்கள்" என்று எழுதினான். அந்த டர்போவை இப்போது யாரும் செய்வதில்லை. போனால் மாற்று கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகவே பதில் எழுதுமுன் நான் யோசித்துத்தான் எழுதினேன்.

"எது நல்ல எண்ணெய் என்று கேட்காதே, உன் வண்டியில் எண்ணெய்க்கு எத்தனை வேலை என்று கேள்" என்று தொடங்கினேன். காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியருக்கு வேறு எண்ணெய். ஜப்பானிய மோட்டார் சைக்கிளிலோ அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். எஞ்சின், கியர்ப் பற்கள், எண்ணெயில் மூழ்கிய கிளச், எல்லாவற்றுக்கும் மேல் டர்போ. இந்த நால்வரும் ஒரே எஜமானிடம் நான்கு விதமான சம்பளம் கேட்கிறார்கள்.

டர்போ கேட்பது கரியாகாத எண்ணெய். இதற்கு வழி காட்டியது ஜெட் விமானம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வந்த ஜெட் எஞ்சின்களின் சூட்டைப் பெட்ரோலிய எண்ணெய் தாங்கவில்லை. ஆகவே எஸ்டர் என்ற செயற்கை எண்ணெயை ஊற்றினார்கள். அந்த ஆரம்ப காலத்து எஸ்டர்களுக்கு வேண்டிய ஸெபாஸிக் அமிலத்தை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? ஆமணக்கு எண்ணெயிலிருந்து! வாசல் வழியே போன விளக்கெண்ணெய் கொல்லை வழியே திரும்பி வந்துவிட்டது. செயற்கை எண்ணெய் 1970-களில் கார்களுக்கும் வந்தது. 1974-இல் மொபில் 1 கடைகளுக்கு வந்தது. சூட்டில் எளிதில் தீயாது என்பதால் டர்போவுக்குச் செயற்கை எண்ணெயே ஏற்றது.

கியர் கேட்பது வேறு. பற்கள் எண்ணெயை நசுக்கும்போது நான் முன்னே சொன்ன பாலிமர்ச் சங்கிலிகள் அறுந்துபோகின்றன. 40 என்று வாங்கிய எண்ணெய் சில ஆயிரம் மைல்களில் 30-ஆக மெலிந்துவிடலாம். ஆகவே இரண்டு எண்களுக்கும் இடையே அளவுக்கு மீறிய தூரமுள்ள எண்ணெய் இத்தகைய வண்டிக்கு ஆகாது. கம்பெனியின் புத்தகம் சொல்லும் எண்ணே போதும். எண்ணெயையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

கிளச் கேட்பது எல்லாவற்றுக்கும் நேர் விரோதம். மற்றவர்கள் வழுக்க வேண்டும் என்கிறார்கள். கிளச் மட்டும் பிடிக்க வேண்டும் என்கிறது. 1990-களில் அமெரிக்கக் கார் எண்ணெய்களில் எரிபொருள் மிச்சத்துக்காக வழுக்கும் சரக்குகளைக் கலந்தார்கள். காருக்கு அது நன்மை. அதே எண்ணெயை ஊற்றிய மோட்டார் சைக்கிள்களின் கிளச்சுகள் நழுவத் தொடங்கின. லாரியை முந்திப் போகும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் ஓட்டுகிறவன் நிலை என்ன? ஜப்பானியர் 1998-இல் ஜாசோ என்ற தரத்தை ஏற்படுத்தி, கிளச்சுக்கு ஏற்ற எண்ணெய்க்கு எம்.ஏ. என்றும், வழுக்கும் எண்ணெய்க்கு எம்.பி. என்றும் முத்திரை வைத்தார்கள். எஞ்சினின் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சரக்கும் இதில் சம்பந்தப்பட்டது. அதிலுள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கருவியைக் கெடுக்கிறது என்று கார் எண்ணெய்களில் அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஜாசோ தரமோ அது 0.08 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று விதித்தது.

ஆகவே நான் அவனுக்கு எழுதிய முடிவு இதுதான்: செயற்கை எண்ணெய், ஜாசோ எம்.ஏ. முத்திரை; கம்பெனி புத்தகத்தில் உள்ள எண்; புத்தகம் சொல்லும் தூரத்துக்கு முன்பே மாற்றுவது. இவற்றோடு, காசு செலவில்லாத ஐந்தாவது ஒன்று: வேகமாக ஓட்டி வந்தால் கடைசி ஓரிரு மைல்களை மெதுவாக ஓட்டு, வாசலில் நிறுத்தியதும் எஞ்சினைச் சில நிமிடங்கள் சும்மா ஓடவிட்டு, பிறகு அணை. எவ்வளவு உயர்ந்த எண்ணெயும் அவசரக்காரனைக் காப்பாற்றாது.

"விலை அதிகமான கார் எண்ணெய் இன்னும் நல்லதில்லையா?" என்று அவன் திரும்பக் கேட்டான். இல்லை. விலை என்பது நல்ல எண்ணெய்க்கு அடையாளம் அல்ல. அது யாருக்காகச் செய்த எண்ணெய் என்பதே முக்கியம். முதல்தரமான கார் எண்ணெய் அவனுடைய கிளச்சுக்கு முதல்தரமான விரோதி.

2015-இல் கவாஸாகி ஹெச்2 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அதிலும் காற்றை அழுத்தித் தள்ளும் சக்கரம் உண்டு. ஆனால் அதைச் சுழற்றுவது புகை அல்ல, எஞ்சினின் பற்சக்கரங்கள். சிவக்கக் காயும் புகைச் சக்கரம் அதன் பக்கத்தில் இல்லை. 1980-களில் டர்போ வாங்கியவர்கள் கரியான தண்டுகளால் கற்றுக்கொண்ட தொல்லை இந்த அமைப்பில் எழவே இடமில்லை.

இன்று உலகத்தில் ஆமணக்கை அதிகமாக விளைவிக்கும் நாடு இந்தியாதான். அதில் பெரும் பகுதி குஜராத்தில் விளைகிறது. அந்த எண்ணெய் யார் யாருடைய எஞ்சின்களுக்கோ போய்ச் சேருகிறது. நம் கடைத்தெருவுக்கு வரும் டின்னிலோ எஸ்.ஏ.இ. என்றும் ஜாசோ என்றும் எம்.ஏ. என்றும் எழுத்துக்கள் இருக்கின்றன. அவை அலங்காரத்துக்காக அச்சடித்தவை அல்ல. குளிரில் கிளம்பாத எஞ்சின், தீய்ந்த தண்டு, நழுவிய கிளச் என்று யாரோ பட்ட நஷ்டம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கிறது. அவர்கள் பணம் கொடுத்து வாங்கிய அறிவு நமக்கு இனாமாகக் கிடைக்கிறது. அடுத்த முறை எண்ணெய் வாங்கும்போது டின்னைத் திருப்பி ஒரு நிமிஷம் படித்துவிட்டு வாங்குங்கள்.